உபுண்டு ஏறுகிறது, ஓப்பன்பிஎஸ்டி ஏறவில்லை: ஏன்?

காரைக்குடியில் என்னிடம் லேப்டாப் கொண்டுவரும் கல்லூரிப் பிள்ளைகளில் சிலர் இப்போது பழைய திங்க்பேட்தான் வேண்டும் என்று தேடி வாங்குகிறார்கள். கம்பெனிகள் கழித்துவிட்டு, ரிச்சி தெரு வழியாகக் கைமாறி வந்த எக்ஸ்200, எக்ஸ்230 மாதிரி மாடல்கள். கீபோர்டு அருமையாக இருக்கும், கழற்றி மாட்டவும் எளிது. அதைவிட முக்கியம், அதோடு வந்த ஃபார்ம்வேரை, அதாவது பயாஸை, எடுத்துவிட்டு யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற ஃபார்ம்வேர் போடலாம். போட்டுவிட்டு வந்து கேட்கும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அண்ணே, உபுண்டு நல்லா ஏறுது. ஓப்பன்பிஎஸ்டி பென் டிரைவைச் சொருகினா ரெண்டு வரி வருது, அப்புறம் ஸ்க்ரீன் கறுப்பாப் போயிருது. லேப்டாப்பு போச்சா?”

போகவில்லை. லினக்ஸ் மாதிரி இன்னொரு கட்டற்ற இயங்குதளமான ஓப்பன்பிஎஸ்டியிலும் கோளாறு கிடையாது. ஃபார்ம்வேருக்கும் இயங்குதளத்துக்கும் நடுவில் ‘பேலோட்’ என்று ஒன்று இருக்கிறது. உபுண்டு மாதிரி லினக்ஸ் மட்டும் போடுகிறவரைக்கும் அது இருப்பதே நமக்குத் தெரியாது. ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி போன்ற பிஎஸ்டி தளங்கள், பழைய டாஸின் கட்டற்ற வடிவமான ஃப்ரீடாஸ் என்று வேறு பக்கம் போனால்தான் அது முன்னால் வந்து நிற்கும். அதைப் புரிந்துகொண்டால் எந்தத் தளம் எந்த லேப்டாப்பில் ஏறும், எங்கே மக்கர் பண்ணும் என்று ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

பவர் பட்டனை அமுக்கிய கணத்தில் பிராசசருக்கு ஒன்றும் தெரியாது. ராம் இன்னும் உயிர்பெறவில்லை, திரை இல்லை, எஸ்எஸ்டி எங்கே இருக்கிறதென்ற விவரமும் இல்லை. தெரிந்தது ஒரே ஒரு முகவரி: 4 ஜிபி எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ள இடம். இன்டெல் வகைக் கணினிகளில் அந்த முகவரி மதர்போர்டில் இருக்கும் ஒரு சின்ன ஃப்ளாஷ் சிப்பில் போய் முடிகிறது. சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இருக்காது. எக்ஸ்200ல் அதன் கொள்ளளவு 4 எம்பி அல்லது 8 எம்பி. எக்ஸ்230ல் இரண்டு சிப், 8 எம்பியும் 4 எம்பியும் சேர்த்து 12. அதில் எழுதியிருக்கும் நிரல்தான் ஃபார்ம்வேர். கடையில் பயாஸ் என்றால்தான் எல்லாருக்கும் புரியும்.

லேப்டாப்போடு வரும் பயாஸ் மூடிய நிரல். உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்கவும் முடியாது, பிடிக்காததைத் திருத்தவும் முடியாது. பழைய திங்க்பேட்களில் பட்டியலில் இல்லாத வைஃபை கார்டைச் செருகினால் 1802 என்ற பிழை எண்ணைக் காட்டிவிட்டு மேலே நகராது. காசு கொடுத்து வாங்கிய லேப்டாப்பில் எந்த கார்டு போடலாம் என்பதைக்கூட அது தீர்மானிக்கும்.

கோர்பூட் இதற்கு மாற்று. 1999ல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் தேசிய ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியது, 2008ல் கோர்பூட் ஆயிற்று. நூற்றுக்கணக்கான கணினிகளைச் சேர்த்து ஓட்டுகிற இடத்தில் ஏதாவது ஒன்று “கீபோர்டு இல்லை, எஃப்1ஐ அமுக்கு” என்று காத்துக்கொண்டு நின்றால் யார் போய் அமுக்குவது? பயாஸையே தூக்கிவிட்டு அந்தச் சிப்பில் லினக்ஸின் மைய நிரலான கெர்னலை வைத்துவிடலாமே என்பதுதான் முதல் யோசனை. கோர்பூட்டை நாமே கம்பைல் செய்யும் சிரமம் இல்லாமல், மாடல் வாரியாகத் தயார்நிலையில் தரும் தொகுப்பு லிப்ரேபூட். லியா ரோ 2013 இறுதியில் தொடங்கியது. நம் பிள்ளைகள் போட்டுக்கொண்டு வருவது பெரும்பாலும் இதைத்தான்.

கோர்பூட் செய்யும் வேலை சுவாரசியமானது. ராம் இல்லாதபோது ஒரு நிரல் தற்காலிகக் கணக்குகளை எங்கே வைத்துக்கொள்ளும்? பிராசசருக்குள் இருக்கும் கேஷ் நினைவகத்தையே ராம் மாதிரி பயன்படுத்திக்கொள்ளும். அந்தக் கொஞ்ச இடத்தில் உட்கார்ந்துகொண்டு ராம் சிப்களின் வேகம், தாமதம் எல்லாவற்றையும் அளந்து ராமை உயிர்ப்பிக்கும். இந்தக் கட்டம்தான் எழுதுவதற்கு மிகக் கடினம். புது மாடல்களுக்குக் கோர்பூட் வரத் தாமதமாவதற்கு ஒரு காரணமும் இதுதான். ராம் வந்ததும் மதர்போர்டில் உள்ள கருவிகளை எண்ணி, ஆளுக்கொரு முகவரி ஒதுக்கி, திரையையும் எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

ஒதுங்கிக்கொள்ளும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோர்பூட்டுக்கு எஸ்எஸ்டியைப் படிக்கத் தெரியாது. பென் டிரைவ் தெரியாது. இயங்குதளம் என்றால் என்ன என்றே தெரியாது. அதே சிப்பில் பக்கத்தில் வைத்திருக்கும் இன்னொரு நிரலிடம் கட்டுப்பாட்டைக் கொடுத்துவிடும். அந்த நிரல்தான் பேலோட். உங்கள் லேப்டாப்பில் எது பூட் ஆகும், எது ஆகாது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பேலோட்தான்.

மூன்று பேலோடைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும்.

முதலாவது சீபயாஸ். 1981ல் ஐபிஎம் பிசி வந்த காலத்திலிருந்து இயங்குதளங்கள் பயாஸிடம் “இந்த செக்டரைப் படித்துக் கொடு”, “இந்த எழுத்தைத் திரையில் போடு” என்று கேட்டுப் பழகிவிட்டன. அந்தப் பழைய முறையைக் கட்டற்ற நிரலாகத் திரும்ப எழுதியது சீபயாஸ். கெவின் ஓகானர் எழுதத் தொடங்கியது. க்யூஎமு மெய்நிகர் கணினியில் இயல்பாக இருப்பதும் இதேதான். ஆகவே ஒரு தளம் சீபயாஸில் எழுமா என்று தெரிய லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். க்யூஎமுவில் ஓட்டிப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி திரை சம்பந்தப்பட்டது, அதற்கு வருகிறேன்.

இரண்டாவது க்ரப். லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் அறிந்த அதே க்ரப் பூட்லோடர்தான் (கெர்னலை ராமில் ஏற்றிவிடும் நிரல்), வட்டில் இருப்பதற்குப் பதில் ஃப்ளாஷ் சிப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். கோப்பு முறைமைகளைத் தானே படித்து, லினக்ஸ் கெர்னலை நேரடியாக ராமில் ஏற்றி ஓட்டிவிடும். நடுவில் பயாஸ் என்ற பேச்சே இல்லை. லினக்ஸுக்கு இதைவிடச் சுகமான ஏற்பாடு கிடையாது. பிஎஸ்டி கெர்னல்களை ஏற்றவும் க்ரப்பில் தனித்தனிக் கட்டளைகள் உண்டு. ஆனால் பிஎஸ்டி தளங்கள் தங்கள் சொந்த பூட்லோடரை நம்பி எழுதப்பட்டவை. அதைத் தாண்டிக் குதித்துப் போனால் சில வசதிகள் விட்டுப்போகும்.

மூன்றாவது ஈடிகே2. இன்றைய லேப்டாப்களில் பழைய பயாஸ் முறைக்குப் பதிலாக இருக்கும் யூஇஎஃப்ஐ முறையைத் தருவது. பழைய குரோம்புக் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல வழி. குரோம்புக்கில் ஏற்கனவே கோர்பூட்தான் இருக்கிறது. அதன் பேலோட் கூகுள் கையொப்பமிட்ட கெர்னலைத்தான் வழக்கமாக ஏற்றும். அதற்குப் பதில் ஈடிகே2 உள்ள ஃபார்ம்வேரைப் போட்டால் மற்ற லேப்டாப் போல நடந்துகொள்ளும்.

சரி, கறுப்புத் திரைக்கு வருவோம். பிள்ளைகள் சொல்லும் அந்த “ரெண்டு வரி”யில்தான் துப்பு இருக்கிறது.

கோர்பூட் திரையை எழுப்பும்போது இரண்டில் ஒரு விதமாக எழுப்பலாம். ஒன்று எழுத்து முறை: 80 எழுத்து அகலம், 25 வரி. ராமில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் எழுத்தின் எண்ணைப் போட்டால் கிராபிக்ஸ் சிப்பே அதை வரைந்துகொள்ளும். இன்னொன்று ஃப்ரேம்பஃபர் முறை: திரை முழுவதும் புள்ளிகள், எழுத்து வேண்டுமென்றால் நிரலே புள்ளி புள்ளியாக வரைய வேண்டும். லிப்ரேபூட்டில் ஃபார்ம்வேர் கோப்பின் பெயரைப் பாருங்கள். அதில் கோர்பூட்எஃப்பி என்று இருந்தால் ஃப்ரேம்பஃபர், டெக்ஸ்ட் மோட் என்று சுருக்கி எழுதியிருந்தால் எழுத்து முறை. முதலாவதில் க்ரப் மெனு பின்னணிப் படத்தோடு அழகாக வரும். அழகைப் பார்த்து எல்லாரும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

இப்போது ஃப்ரேம்பஃபர் போட்ட லேப்டாப்பில், சீபயாஸ் வழியாக ஓப்பன்பிஎஸ்டியின் நிறுவி (இன்ஸ்டாலர்) உள்ள பென் டிரைவ் பூட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அதன் பூட்லோடர் வருகிறது. அது எழுத்துகளைத் திரையில் போட பயாஸிடம்தான் கேட்கிறது. சீபயாஸின் வீடியோ பகுதி, “சரி, நான் புள்ளிகளாக வரைந்து காட்டுகிறேன்” என்று சமாளித்துக் காட்டிவிடும். அந்த இரண்டு வரி இப்படி வந்ததுதான். அடுத்து கெர்னல் ஏறுகிறது. கெர்னல் யாரிடமும் கேட்காது. கோர்பூட்டின் ஃப்ரேம்பஃபரைக் கண்டுகொள்ளாத கெர்னல் என்றால், எழுத்து முறை இருக்கிறதென்ற நம்பிக்கையில் அந்த நினைவகப் பகுதியில் நேராக எழுத ஆரம்பிக்கும். கிராபிக்ஸ் சிப்போ ஃப்ரேம்பஃபரில் இருக்கிறது, அந்தப் பகுதியை அது பார்ப்பதே இல்லை. உள்ளே நிறுவி “நிறுவவா, மேம்படுத்தவா?” என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கும். நாம் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

லினக்ஸில் ஏன் இப்படி ஆவதில்லை? உபுண்டுவின் நிறுவிக்குள்ளேயே இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் இருக்கிறது. கெர்னல் எழுந்த சில நொடிகளில் அந்த டிரைவர் திரையைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடும். முன்னால் எந்த முறை இருந்தது என்பது அதற்குப் பொருட்டில்லை. ஓப்பன்பிஎஸ்டியின் முழுக் கெர்னலிலும் இதே டிரைவர் உண்டு, ஆனால் நிறுவிக்கான குட்டிக் கெர்னலில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக அதைச் சேர்ப்பதில்லை. ஃப்ரீபிஎஸ்டியில் இன்டெல் டிரைவரே தனிப் பேக்கேஜ். நிறுவி முடித்த பிறகு நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே அங்கே கறுப்பு இன்னும் நீளும். ஃப்ரீடாஸுக்கோ எழுத்து முறை இல்லாவிட்டால் பிழைப்பே இல்லை, டாஸ் நிரல்கள் பல அந்த நினைவகத்தில் நேராக எழுதியே பழகியவை.

ஆக, பிஎஸ்டி பக்கம் போகிறவர் சீபயாஸும் எழுத்து முறையும் சேர்ந்த கோப்பை எடுங்கள். க்ரப்பின் பின்னணிப் படம் போகும், போகட்டும். அல்லது உங்கள் மாடலுக்கு ஈடிகே2 கிடைத்தால் அதைப் போடுங்கள். யூஇஎஃப்ஐ முறையில் ஃபார்ம்வேரே திரையின் முகவரியையும் அளவையும் கெர்னலுக்குச் சொல்லிவிடும். அதைப் புரிந்துகொள்ளும் எளிய டிரைவர் ஓப்பன்பிஎஸ்டியின் குட்டிக் கெர்னலிலும் ஃப்ரீபிஎஸ்டி நிறுவியிலும் இருப்பதால் கறுப்புத் திரை என்ற பேச்சே வராது.

எப்படியோ சமாளித்து ஃப்ரேம்பஃபரிலேயே ஓப்பன்பிஎஸ்டி ஏற்றிவிட்டவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதன் புதிய பதிப்பு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும். சிஸ்அப்கிரேட் கட்டளை கொடுத்தால் லேப்டாப் அதே குட்டிக் கெர்னலில் எழுந்து தானாக மேம்படுத்திக்கொள்ளும். அந்த நேரம் முழுக்கத் திரை கறுப்பாகவே இருக்கலாம். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவர் பட்டனை அமுக்கிப் பிடித்தீர்களானால் பாதி பழையது, பாதி புதியது என்று ஆகிவிடும். சார்ஜரைப் போட்டுவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், தானே ரீபூட் ஆகி வந்து நிற்கும்.

வட்டைப் பிரிக்கும்போதும் பேலோடை நினைவில் வைக்க வேண்டும். சீபயாஸ் பழைய வழக்கப்படி வட்டின் முதல் 512 பைட்டைப் படித்து ஓட்டும். ஆகவே ஓப்பன்பிஎஸ்டி நிறுவி கேட்கும்போது எம்பிஆர் (பழைய பிரிப்பு முறை) என்று சொல்லுங்கள். ஈடிகே2 என்றால் ஜிபிடி என்ற புதிய முறை. ஃப்ரீபிஎஸ்டி நிறுவியில் பயாஸுக்கும் யூஇஎஃப்ஐக்கும் சேர்த்து ஒரு தேர்வு உண்டு, குழப்பமாக இருந்தால் அதை எடுங்கள்.

முழு வட்டையும் என்க்ரிப்ட் செய்து, கடவுச்சொல்லால் பூட்டி வைக்கிறவர்களுக்கு இன்னொரு விஷயம். சிப்பில் இருக்கும் க்ரப் லினக்ஸின் லக்ஸ் பூட்டைத் திறக்கும், ஃப்ரீபிஎஸ்டியின் ஜெலியும் அதற்குத் தெரியும். ஓப்பன்பிஎஸ்டியின் சாஃப்ட்ரெய்டு பூட்டு தெரியாது. சீபயாஸ் வழியாகப் போனால் ஓப்பன்பிஎஸ்டியின் சொந்த பூட்லோடர் வந்து கடவுச்சொல் கேட்கும், சிக்கல் இல்லை. பிஎஸ்டியின் பூட்லோடரைத் தாண்டிப் போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

எந்த லேப்டாப், எப்படி எழுதுவது

எல்லா லேப்டாப்பிலும் இது முடியாது. 2013ல் ஹாஸ்வெல் தலைமுறையோடு இன்டெல் பூட் கார்டு என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர் தன் சாவியின் அடையாளத்தைச் சிப்செட்டுக்குள் அழிக்க முடியாதபடி பதித்துவிடுவார். அந்தச் சாவியால் கையொப்பமிடாத ஃபார்ம்வேர் ஓடாது. செட்டிநாட்டில் பங்காளிகளுக்குப் பொதுவான பெரிய வீடு இருப்பவர்களுக்கு இந்த நிலைமை விளங்கும்: பத்திரத்தில் நம் பேர் இருக்கும், முகப்புச் சாவி மட்டும் ஊரில் இல்லாத யாரிடமோ இருக்கும். எக்ஸ்200, எக்ஸ்220, எக்ஸ்230 எல்லாம் இதற்கு முந்தியவை. டி440பி ஹாஸ்வெல்தான், ஆனாலும் அதில் பூட் கார்டை முடுக்கிவிடவில்லை, தப்பித்தது. டி480க்கு மேனேஜ்மென்ட் இன்ஜினில் இருந்த ஓட்டை ஒன்றைப் பிடித்து 2024 இறுதியில் லிப்ரேபூட்டில் வழி செய்தார்கள்.

மேனேஜ்மென்ட் இன்ஜின் என்பது இன்டெல் சிப்செட்டுக்குள் தனியாக ஓடும் இன்னொரு குட்டிக் கணினி. எக்ஸ்200ல் அதன் நிரலை முழுதாக நீக்கிவிடலாம். எக்ஸ்230ல் முழுதாக நீக்கினால் சுமார் 30 நிமிடத்தில் லேப்டாப் தானே அணைந்துவிடும். ஆகவே ஏறத்தாழ 5 எம்பி உள்ள அந்த நிரலை 100 கேபிக்கும் கீழே வெட்டி, எழுந்தவுடன் சும்மா இருக்கும்படி செய்துவிடுவார்கள். இன்று வாங்குவதானால் நான் எக்ஸ்230 பக்கம்தான் கை காட்டுவேன். எக்ஸ்200 கொள்கைக்குச் சுத்தமானது, ஆனால் 8 ஜிபி ராமுக்கு மேல் ஏறாது, பிரவுசரில் பத்து டேப் திறந்தால் முனகும்.

முதல் தடவை புது ஃபார்ம்வேரைச் சிப்பில் எழுதும்போது லேப்டாப்பைத் திறந்துதான் ஆக வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கீபோர்டையும் கை வைக்கும் பகுதியையும் எடுத்தால் சிப் தெரியும். தரையில் உட்கார்ந்து கழற்றுகிறவர்கள் முதலில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். பூப்போட்ட ஆத்தங்குடித் தரையில் விழுந்த கறுப்பு ஸ்க்ரூவைக் கண்டுபிடிப்பது ஃபார்ம்வேர் எழுதுவதைவிடக் கஷ்டம்.

சிப்பின் ஒரு மூலையில் சின்னப் புள்ளி இருக்கும், அதுதான் முதலாம் கால். சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பின் சிவப்பு ஒயர் அந்தப் பக்கம் வர வேண்டும். மறுமுனையை ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற ஒரு போர்டில் இணைத்து, இன்னொரு கணினியிலிருந்து ஃப்ளாஷ்ப்ராக் நிரலால் படித்து எழுதலாம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ போர்டை அப்படியே வாங்கி மாட்டாதீர்கள். அந்தக் கறுப்பு வகையில் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும், லேப்டாப் சிப்புக்கு 3.3 வோல்ட்தான் தாங்கும்.

எழுதுவதற்கு முன் பழையதை இரண்டு தடவை படித்துச் சேமித்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், எடுத்து மறுபடி மாட்டுங்கள். அந்தப் பழைய கோப்பைப் பத்திரமாக வைத்திருங்கள். லேன் போர்ட்டின் மேக் முகவரியும் அதற்குள்தான் இருக்கிறது. அதோடு, எழுதியது சொதப்பினால் பழைய நிலைக்குத் திரும்பவும் அது வேண்டும்.

அடுத்த தடவையிலிருந்து திறக்க வேண்டாம், லேப்டாப்புக்குள்ளிருந்தே எழுதலாம். ஓப்பன்பிஎஸ்டி தன் பாதுகாப்புக் கொள்கைப்படி அந்தச் சிப்பைத் தொடச் சாதாரணமாக விடாது. அதோடு மல்லுக்கட்டாமல் ஒரு லினக்ஸ் லைவ் பென் டிரைவில் எழுந்து, கெர்னலுக்கு ஐஓமெம் ரிலாக்ஸ்டு என்ற தேர்வைக் கொடுத்து எழுதிவிடுவது சுலபம். பழைய லேப்டாப்களில் பேட்டரி பெரும்பாலும் பெயருக்குத்தான் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் மறுபடியும் வேட்டி, கிளிப், ஸ்க்ரூ என்று முதலிலிருந்து வர வேண்டியதுதான்.

தளம் ஏறிய பிறகு அடுத்த புலம்பல் வைஃபை. எக்ஸ்230ல் வரும் இன்டெல் கார்டுக்குத் தனியாக ஒரு ஃபார்ம்வேர் கோப்பு வேண்டும், அது ஓப்பன்பிஎஸ்டியின் நிறுவிப் படிமத்தில் இல்லை. முதல் பூட்டின்போது அதுவே இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளும், ஆனால் இணையத்துக்குப் போக வைஃபை வேண்டுமே! லேன் கேபிளைச் சொருகினால் தீர்ந்தது. கேபிளுக்கு வழியில்லாதவர்கள் ஏதராஸ் ஏஆர்9280 கார்டு ஒன்றை வாங்கிப் போடலாம், அதற்குத் தனிக் கோப்பு எதுவும் வேண்டாம். 1802 பிழை காட்டுவதற்குப் பழைய பயாஸ் இப்போது இல்லை.

தமிழ் படிக்க நோட்டோ எழுத்துருப் பேக்கேஜைப் போட்டுவிடுங்கள், ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் ஒழுங்காக வரும். வெறும் கன்சோலில் தமிழை எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக எல்லாரும் கேட்பது, “அப்ப விண்டோஸ் ஏறாதாண்ணே?” ஈடிகே2 போட்ட மாடல்களில் ஏறும். சீபயாஸில் அது தயாரிப்பாளரின் மூடிய வீடியோ பயாஸை எதிர்பார்க்கும், அதையும் சிப்பில் சேர்த்தால்தான் வழி. லிப்ரேபூட் அதற்குப் பொறுப்பேற்பதில்லை. வீட்டில் யாருக்காவது டேலி ஓட்ட வேண்டியிருந்தால் அந்த லேப்டாப்பின் ஃபார்ம்வேரில் கை வைக்காமல் விட்டுவிடுங்கள், எக்ஸ்230 உங்களோடது தனியாக இருக்கட்டும்.